புளிக்காத கீரை

கார்மேகம் என்று பெயர் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வைத்திருப்பார்கள். ஆனால் அவன் பிறந்த பிறகு கமுதிப் பக்கம் மழை பெய்தது குறைவு. அவன் மிளகாய் போட்ட வருஷங்களில் பெய்தது அதைவிடக் குறைவு. வெள்ளாமை மூன்று வருஷம் விடாமல் காய்ந்ததும் ஏஜெண்டைப் பிடித்து துபாய்க்கு வந்துவிட்டான். காலியான வில்லாக்களை அடுத்த ஆள் குடிவருவதற்குள் கழுவித் துடைத்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. ஜெபல் அலிப் பக்கம் தொழிலாளர் கேம்ப், ஒரு ரூமில் ஆறு பேர். எட்டு வருஷமாக அதே வேலை, அதே கட்டில். குறை சொல்ல ஒன்றுமில்லை, பெருமையாகச் சொல்லவும் ஒன்றுமில்லை.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போன சாமானை, சூப்பர்வைசர் பார்த்துத் தலையாட்டிவிட்டால், சுத்தம் செய்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக்காரர்கள் ஊரைக் காலி செய்யும்போது போட்டது போட்டபடி போய்விடுவார்கள். கார்மேகத்தின் ரூமில் இருந்த மைக்ரோவேவ், இஸ்திரிப் பெட்டி, ஒரு காலை அட்டை மடித்துத் தாங்கிய ஷூ ரேக், எல்லாம் அப்படி வந்தவைதான்.

ஒரு நாள் ஒரு வில்லாவின் மாடி ஸ்டோர் ரூமில் கறுப்புத் துணியால் ஆன பீரோ மாதிரி ஒன்று நின்றது. முன்பக்கம் ஜிப். திறந்தால் உள்ளே நாலு பக்கமும் வெள்ளித்தாள் ஒட்டியதுபோல் மின்னியது. மேலே ஒரு விளக்கு தொங்கியது, கீழே நாலைந்து தொட்டிகளும் பாதி மூட்டை மண்ணும் இருந்தன. ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் விதை. சூப்பர்வைசர் அது துணி காயப்போடும் பெட்டி என்று நினைத்து, "தூக்கிட்டுப் போ" என்றுவிட்டார்.

"அண்ணே, இது செடி வளக்குற கூடாரம். வெயிலே வேணாம், இந்த லைட்டே போதும். யூடியூப்ல பாத்துருக்கேன்" என்றான் அன்பரசன்.

அன்பரசன் கரூர்ப் பக்கத்துப் பையன், டிப்ளமா முடித்தவன், அதே ரூமில் மேல் கட்டில். வந்த புதிதில் போர்வைக்குள் விசும்பிக்கொண்டு கிடந்தவனை எழுப்பிச் சோறு போட்டு, வேலையும் கற்றுக்கொடுத்து ஆளாக்கியது கார்மேகம்தான். அன்றிலிருந்து அண்ணே அண்ணே என்று பின்னாலேயே வருவான். மற்றவர்கள் அந்த வில்லாவிலிருந்து மெத்தையும் நாற்காலியும் தூக்கினார்கள். கார்மேகம் மட்டும் கூடாரத்தைச் சுமந்து வந்தான். ரூமே சிரித்தது.

சிரித்தால் சிரிக்கட்டும் என்று மிளகாயும் தக்காளியும் போட்டான். டப்பாவில் இருந்த விதையையும் வீணாக்காமல் ஒரு தொட்டியில் ஊன்றினான். ஏதோ வெளிநாட்டுக் கீரை, வந்தால் வரட்டும் என்பது அவன் கணக்கு. வயலில் விளைவித்தவனுக்குத் தொட்டியில் விளைவிக்கத் தெரியவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி முதல் மிளகாய் நாற்றை அழுக விட்டான். விளக்கைத் தாழ இறக்கி இலை நுனியைக் கருக விட்டான். பக்கத்திலிருந்து வழி சொன்னது அன்பரசன்.

"தினமும் ஊத்தாதீங்கண்ணே. தொட்டியத் தூக்கிப் பாருங்க, கனம் கொறஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. லைட்ட ஒரு முழம் மேல ஏத்துங்க."

அவன் சொன்னபடி செய்ததில் எல்லாம் தேறி வந்தது. டப்பா விதையில் ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது. ஆனால் அந்த ஒன்று வளர்ந்த வேகம் இருக்கிறதே! மிளகாய் நாற்று இரண்டு இலைக்குத் திணறிக்கொண்டிருந்தபோது இது கிளைவிட்டு நின்றது. விரல் விரலாகப் பிரிந்த இலை, ஓரமெல்லாம் பல். ஒரு நாள் டூட்டி முடிந்து வந்து ஜிப்பைத் திறந்தவன், தொடையில் தட்டிக்கொண்டு கத்தினான்.

"அட, புளிச்சக்கீரடா!"

கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டு வரப்பில் புளிச்சை போடுவார்கள். இலை கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். கிட்டத்தட்ட என்பதைத்தான் நாம் இங்கே கவனிக்க வேண்டும். விதையின் உருண்டையைப் பார்த்தே இது அதில்லை என்று அவன் அப்பா காறித் துப்பியிருப்பார். எட்டு வருஷம் மணலையும் டைல்ஸையுமே பார்த்த கண்ணுக்குப் பச்சையாய், பல்லோடு எது முளைத்தாலும் புளிச்சைதான்.

ஊருக்கு வீடியோ கால் போட்டு மனைவி ராக்கம்மாவுக்குக் காட்டினான். அவள் போனை மூக்கருகில் வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, நெசமாவே புளிச்சையா? ஒரு எலையக் கிள்ளி வாயில போட்டுப் பாருங்க."

கிள்ளிப் போட்டு மென்றான். புளிக்கவில்லை. வெறும் புல் மாதிரி ஒரு கசப்பு.

"வெயில் படலடி. லைட்டுல வளந்ததுல்ல, அதான் புளிப்பு ஏறல."

"புளிக்காட்டி அது என்னத்தப் புளிச்சக்கீர" என்று ராக்கம்மா சிரித்தாள். ஆனாலும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. காட்டில் காயவிட்ட மனுஷன் பாலைவனத்தில் தழைய வைத்துவிட்டான் அல்லவா! புருஷன் அந்தச் செடிக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் போட்டோவை வாங்கி, 'என் வீட்டுக்காரர் துபாயில் வளர்த்தது' என்று எழுதி, நாலு பூப்படம் சேர்த்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் டிபியிலும் வைத்தாள். ஊரில் பாதிப் பேர் பார்த்துக் கும்பிடு போட்டிருந்தார்கள்.

கார்மேகத்துக்குச் செடியின் கொழுந்தைக் கிள்ள ஆசை. நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் நாலு கிளை வெடிக்கும் என்பது விவசாயி கை கண்ட பாடம். அன்பரசன் பதறிப்போய்க் கையைப் பிடித்தான்.

"இதக் கிள்ளக் கூடாதுண்ணே! இது நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது, அது நேரத்துக்கு அது பூத்துரும். இப்பக் கிள்ளினா தேறி வர்றதுக்குள்ள காலம் முடிஞ்சிரும்."

கீரையைப் பற்றி கரூர்ப் பையனுக்கு இவ்வளவு தெரிகிறதே என்று கார்மேகம் மெச்சிக்கொண்டான். அவன் சொன்னபடியே செடியும் சீக்கிரம் பூத்தது. புளிச்சை என்றால் மஞ்சளாய்ப் பூக்க வேண்டும். இது வெள்ளை மயிர் மயிராக, பிசுபிசுவென்று கொத்துக் கொத்தாய்ப் பூத்தது. ஜிப்பைத் திறந்தால் ஒரு நெடி வேறு. அந்த நேரம் பார்த்து அன்பரசனுக்குப் பக்தி வந்துவிட்டது. காலையிலும் சாயங்காலமும் ஊதுபத்தி கொளுத்த ஆரம்பித்தான்.

ரூமில் சமையல் முறை வைத்துத்தான். தன் முறை வந்தபோது கார்மேகம் கீரை கடைகிறேன் என்றான். "இப்பப் பறிச்சுராதீங்கண்ணே, இன்னும் கொஞ்ச நாள் முத்தட்டும்" என்று அன்பரசன் தடுத்துவிட்டான். சரி, கடைய வேண்டாம், பாய்க்காவது ஒரு கைப்பிடி கொடுப்போம் என்று ஓர் ஆஃப் நாளில், அன்பரசன் குளிக்கப் போன நேரத்தில், அடி இலைகளைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பாய் என்பது கலீலுர் ரஹ்மான். கீழக்கரைக்காரர், கேம்ப் ரோட்டில் மளிகைக் கடை. கார்மேகத்துக்கு இந்த ஊரில் மனசுவிட்டுப் பேச இருந்த ஒரே ஆள். ஒரே மாவட்டம் என்ற உரிமையில் ஒரு ஸ்டூல் எப்போதும் அவனுக்காகக் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும். புளிச்சக்கீரையைக் கண்ணால் பார்த்து வருஷமாச்சு என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார்.

கேட்டில் செக்யூரிட்டி பையைப் பார்த்தான். கார்மேகம் தானாகவே திறந்து காட்டி, "கர் கா சப்ஜி, பய்யா" என்று, வீட்டுக் கீரை என்பதைத் தெரிந்த இந்தியில் சொல்லிச் சிரித்தான். அவனும் சிரித்து அனுப்பினான். ரோட்டோரம் ஒரு போலீஸ் கார் நின்றது. அதையும் கையை வீசிக்கொண்டு கடந்து போனான்.

கடையில் பையை நீட்டினான். "பாய், நம்ம ஊரு சாமான். கண்டுபுடிங்க பாப்போம்."

கலீலுர் ரஹ்மான் பைக்குள் கையை விட்டு ஓர் இலையை எடுத்தார். முகர்ந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தலைக்கு மேலிருந்த கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையைக் கல்லாவுக்குக் கீழே தள்ளினார். அதற்குள் ஒரு பட்டான் டிரைவர் வந்து குப்பூஸ் ரொட்டி கேட்டார். எடுத்துக் கொடுத்து, சில்லறை எண்ணிக் கொடுத்து, அவர் வண்டி கிளம்பும்வரை பாய் கார்மேகத்தின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"எங்க கெடச்சிச்சு இது?"

"ரூம்ல நாந்தான் வளத்தேன். புளிச்சக்கீர பாய்."

"ஒனக்கு யாரு சொன்னா புளிச்சக்கீரன்னு?"

"யாரு சொல்லணும்? எனக்குத் தெரியாதா?"

"தெரியல, கார்மேகம். இது கஞ்சா."

கார்மேகம் முதலில் சிரித்தான். பாயும் சிரிப்பார் என்று பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. அதன்பிறகுதான் அவன் கல்லாவுக்குக் கீழே கிடந்த பையைப் பார்த்தான்.

"இந்த ஊருல ஒரு எல போதும் உள்ள தள்ள. நீ செடியவே வளத்துருக்க. உள்ள போனா எப்ப வெளிய வருவேன்னு ஒன் பொஞ்சாதிக்கு யாரு பதில் சொல்றது?"

"சத்தியமா எனக்குத் தெரியாது பாய். தெரியாதுன்னு சொல்றேன்."

"எந்த பாஷையில சொல்லுவ?"

பாய் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"போட்டோ கீட்டோ எடுத்தியா?"

ராக்கம்மா வைத்த டிபி நினைவுக்கு வந்ததும் கார்மேகம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் வாயால் மட்டுமா கெட்டான், பல்லைக் காட்டி நின்ற போட்டோவாலும் கெட்டான். பாய் தலையில் அடித்துக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் பாத்ரூமுக்குப் போனார். தண்ணீர் வெகு நேரம் ஓடியது. ஈரக் கையோடு திரும்பி வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"ஒனக்காகச் செய்யக் கூடாதத செஞ்சிட்டேன். எனக்கும் பொஞ்சாதி ஷம்சியா இருக்கா, புள்ளைங்க இருக்கு. போயி அத வேரோட அழி. கொஞ்ச நாளைக்குக் கடப் பக்கம் வராத."

திரும்பும் வழியில் கேட்டுக்காரன், "சப்ஜி தே தியா?" என்று கேட்டான். கொடுத்துவிட்டதாகத் தலையாட்டினான். அடுத்த மாதம் லீவு, டிக்கெட் கையில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் லீவு. மகள் நாகஜோதி இந்தத் தடவை தானே ஏர்போர்ட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஊர் இல்லாமல் போய்விடும், மகள் இல்லாமல் போய்விடும், அதுவும் ஒரு கீரைக்காக. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேனே என்று தன்னையே வைதுகொண்டு நடந்தான்.

ரூமில் மற்றவர்கள் யாருமில்லை. அன்பரசன் மட்டும் கூடாரத்துக்குள் தலையை நுழைத்து, போனை மிக அருகில் வைத்துப் பூவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கார்மேகம் அவனை விலக்கிவிட்டுத் தண்டைப் பிடித்தான்.

"அண்ணே! என்ன பண்றீங்க? இன்னும் கொஞ்ச நாள்தாண்ணே!"

"எதுக்குக் கொஞ்ச நாள்?"

அன்பரசன் போனைக் கீழே இறக்கினான். கார்மேகம் தண்டிலிருந்து கையை எடுத்தான்.

"இது என்னன்னு ஒனக்குத் தெரியுமாடா?"

அன்பரசன் கூடாரத்து ஜிப்பை இழுத்து மூடப் பார்த்தான்.

"எப்பலருந்து தெரியும்?"

"அந்த டப்பாவுல இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சுண்ணே."

அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே. தண்ணீர் ஊற்றாதே என்றது, கிள்ளாதே என்றது, ஊதுபத்தி, எல்லாம் தெரிந்தே. காலேஜில் பழகிய பழக்கம், இங்கே வந்து கிடைக்காமல் தவித்தேன், வேறெந்த எண்ணமும் இல்லை என்று அவன் ஏதேதோ சொன்னான். கார்மேகம் ஒன்றைத்தான் கேட்டான்.

"மாட்டியிருந்தா?"

"உங்கள ஒண்ணும் பண்ணமாட்டாங்கண்ணே. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியும், ஒண்ணும் அறியாத ஆளுன்னு. நான் வளத்தேன்னா எவனும் நம்ப மாட்டான்."

ஜெயிலை நினைத்தபோது வராத கோபம் அப்போது வந்தது. கார்மேகத்துக்கு அழுகையும் வந்தது. தன்னுடைய அறியாமையை ஒருவன் குடையாகப் பிடித்து அதன் கீழே நின்றிருக்கிறான், அதுவும் தன் கையால் சோறு தின்றவன். அடிக்கக் கை எழும்பியது. அடித்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் ஆள் வரும் என்ற பயத்தில் அந்தக் கையும் இறங்கிவிட்டது. இவ்வளவு பட்டும் அடிக்கக்கூட முடியவில்லையே என்று இருந்தது.

செடியை வேரோடு பிடுங்கினான். வேர் வெள்ளை வெளேரென்று, தொட்டி முழுக்கச் சுற்றி, அவ்வளவு ஆரோக்கியமாக இருந்தது. அவன் காட்டில் எந்தச் செடியும் அப்படி வேர் விட்டதில்லை. அந்த அவசரத்திலும் அதை ஒரு நொடி பார்த்தான். பிறகு துண்டு துண்டாக்கி, பாத்ரூமில் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தள்ளினான். டப்பாவும் உடைந்து சாக்கடைக்குப் போனது. அன்பரசன் உதவிக்கு எழுந்தபோது, "உக்காரு" என்று மட்டும் சொன்னான்.

முடித்த கையோடு ராக்கம்மாவைக் கூப்பிட்டான்.

"அந்தப் போட்டோவ எடு. யாருக்கெல்லாம் அனுப்புனியோ அவங்களையும் அழிக்கச் சொல்லு."

"ஏங்க? ஊரே பாத்து மெச்சுச்சு. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

போனில் எப்படிச் சொல்வது? சுவருக்கும் காது உண்டென்றால் போனுக்கு எத்தனை காது இருக்குமோ.

"எடுன்னா எடுடி! கேள்வி கேக்காத!"

எட்டு வருஷத்தில் அவளிடம் அவன் அப்படிக் கத்தியதில்லை. அவள் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துவிட்டாள். பிறகு சில நாள் போனையும் எடுக்கவில்லை.

போலீஸ் வரவில்லை. கேம்ப் பாஸ் ஒரு நாள் அடுப்பு செக்கிங் என்று வந்து, கூடாரத்தைத் திறந்து, பழுத்த மிளகாய் இரண்டைப் பறித்துக்கொண்டு போனார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கார்மேகம் எழுந்து உட்காருவான். அன்பரசன் சமைக்கும் முறை வந்தால் அன்று ஊறுகாயும் குப்பூஸும் தின்பான். ரூமில் மற்ற நாலு பேருக்கும் காரணம் தெரியாது. ரூம் மாற்றிக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்பதால் அதையும் கேட்கவில்லை. தலைக்கு மேல் கட்டிலில் அவன் புரளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினான்.

லீவுக்கு முந்தின நாள் பாய் கடைக்குப் போனான். லீவில் போகும்போதெல்லாம் கலீலுர் ரஹ்மான் வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிடுவார். இவனும் கீழக்கரைக்கு பஸ் ஏறி ஷம்சியா கையில் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் வருவான்.

"பொட்டலம் ஏதும் உண்டா பாய்?"

"இந்தத் தடவ ஒண்ணுமில்ல. நல்லபடியாப் போயிட்டு வா."

ஸ்டூல் அங்கேதான் கிடந்தது. மேலே முட்டை அட்டை அடுக்கியிருந்தது.

மறுநாள் காலையில் அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, மேலே பெயரும் ஊரும் எழுதி வைத்துவிட்டு, பாஸ்போர்ட் வாங்க ஆபீசுக்குப் போனான். லீவில் போகிறவனின் பெட்டியை ரூம்காரர்கள் சுமந்து வண்டியில் ஏற்றுவது கேம்பில் ஒரு மரியாதை. திரும்பி வந்தபோது பெட்டி வேனுக்குப் பக்கத்தில் நின்றது. தோளில் தூக்கி வந்தவன் அன்பரசன். வியர்த்து நின்று, "கொண்டாந்துட்டேண்ணே" என்றான்.

கார்மேகம் பெட்டியைப் பார்த்தான். அவனைப் பார்த்தான். டிரைவர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தி ஹாரன் அடித்தார். கார்மேகம் பையிலிருந்த சின்னக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான்.

ரூம்காரர்கள் என்ன என்ன என்று சுற்றி நின்றார்கள். அவன் அந்தச் சிமெண்டுத் தரையில் துண்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான். பால்பவுடர் டின்னின் மூடியில் சீல் இருக்கிறதா என்று பார்த்தான். சோப்புக் கட்டை முகர்ந்தான். ராக்கம்மாவின் சேலையை உதறினான். நாகஜோதிக்கு வாங்கிய செருப்பின் உள்ளே விரலை விட்டுத் துழாவினான். அன்பரசன் முகம் வெளுத்து நின்றான். எதுவும் இல்லை. அவன் கட்டி வைத்தது மட்டும்தான் இருந்தது.

எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினான். அறுத்த கயிறு பற்றவில்லை. அன்பரசன் ஓடிப்போய் வேறு கயிறு கொண்டுவந்தான். கார்மேகம் வாங்கி, தானே கட்டி, தானே வேனில் ஏற்றி, பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்பரசன் ஜன்னலருகே வந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"ஒண்ணும் இல்லேல்லண்ணே?"

"இல்லடா" என்றான் கார்மேகம். "ஆனா என்னைய இப்படிப் பிரிச்சுப் பாக்க வச்சிட்டியே."